விமானப் பயிற்சிப் பள்ளி: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விமானம் ஓட்டுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வானத்தின் அழகைச் சொல்ல ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் மாணவர்களும் பெற்றோர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். "சார், எந்தப் பள்ளியில் சேரலாம்?"

பள்ளிக்கு முன்னால் டாக்டர். வணிக விமானி உரிமத்துக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்று கட்டாயம். கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதனாலேயே பயந்துவிட வேண்டாம். ஆனால் நிறங்களைப் பிரித்தறிய முடியாவிட்டால் சிக்கல்தான். எனவே பணம் கட்டும் முன்பே உடல் பரிசோதனையை முடித்துவிடுங்க.

அடுத்தது கணக்கு. டி.ஜி.சி.ஏ. விதிப்படி 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரமாவது நீங்களே விமானத்தின் பொறுப்பாளராக இருந்து ஓட்ட வேண்டும். 300 கடல் மைல் நெடும்பயணம், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது, இரவில் ஏறி இறங்குவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

ஒரு பள்ளியில் 20 மாணவர்களுக்கு ஒரு விமானம் என்று வைத்துக்கொள்வோம். அது நாளுக்கு 4 மணி நேரம், மாதத்தில் 20 நாள் பறந்தால் 80 மணி நேரம். தலைக்கு மாதம் 4 மணி நேரம்தான் கிடைக்கும். 200 மணியை முடிக்க 50 மாதம்! அதே விமானத்துக்கு 8 மாணவர்கள் என்றால் 20 மாதத்தில் முடியும். விளம்பரத்தாளில் வழவழவென்று படம் இருக்கும். இந்தக் கணக்கு இருக்காது. நாமதான் போட்டுப் பார்க்கணும்.

ஆகவே "எத்தனை விமானம் இருக்கு?" என்று கேட்காதீங்க. "இன்றைக்கு எத்தனை பறந்தது?" என்று கேளுங்க. உதிரி பாகத்துக்காக ஹாங்கரில் காத்திருக்கும் விமானம் யாருக்கும் பாடம் நடத்தாது. பயிற்சியாளர்கள் எத்தனை பேர், வருஷா வருஷம் மாறுகிறார்களா, ஓடுபாதையில் இரவு விளக்கு உண்டா என்றும் விசாரியுங்கள். பருவநிலையையும் பாருங்க. நம்ம பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வடக்கே டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. அந்த நாட்களில் விமானம் தரையில்தான் நிற்கும்.

இதையெல்லாம் அலுவலக அறையில் கேட்பதைவிட, வாசலில் டீக்கடையில் நிற்கும் மாணவனிடம் கேளுங்கள். "தம்பி, எப்போ சேர்ந்தீங்க? இதுவரை எத்தனை மணி நேரம் ஆச்சு?" இரண்டே கேள்வி. பள்ளியின் லட்சணம் தெரிந்துவிடும்.

2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. அந்த முதல் பட்டியலில் ஒரு பள்ளிகூட உயர்ந்த தரத்தைப் பெறவில்லை. எல்லாமே 'பி', 'சி' தான். எனவே பெயரைப் பார்த்து மயங்காமல், சேரும் நேரத்தில் வெளிவந்துள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் சீக்கிரம் முடித்துவிடலாம் என்பார்கள். முடிக்கலாம். ஆனால் இங்கே ஓட்ட, அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்றியாக வேண்டும். அதற்குத் தேர்வும் செலவும் உண்டு.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பல லட்ச ரூபாய் விவகாரம் இது. நிலத்தை அடமானம் வைத்துப் படிக்க அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டக் கேளுங்கள். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் வாங்கிய பிறகும், பெரிய ஜெட் விமானத்தை ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி, தனிச் செலவு உண்டு. நூற்றுக்கு நூறு வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்க. பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தம்பி தங்கைகளே, பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து, டயர், எண்ணெய், எரிபொருள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது விமானியின் முதல் பாடம். பள்ளியையும் அப்படியே சுற்றிப் பார்த்துச் சேருங்கள்.