கோப்பைக்கு முன் வழிச்செலவு

(நம் பங்கின் யூபிலி விழாவையொட்டி இளைஞர்களும் வின்சென்ட் தெ பவுல் சபையினரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியின் நினைவாக, நோயாளர் உதவி நிதிக்கென்று ஒரு விளையாட்டுப் போட்டி நடத்த நம் இளைஞர்கள் விரும்புகிறார்கள். நல்ல எண்ணம். மனமார வாழ்த்துகிறோம். ஆனால் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள நமக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னும் இவ்வாறே ஒரு கைப்பந்துப் போட்டி நடத்தினோம். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள் பலவற்றிலிருந்தும் அணிகள் வந்தன. பந்தல், ஒலிபெருக்கி, விருந்து, பொன்னாடை, ஆளுயரக் கோப்பை என ஒன்றுக்கும் குறைவில்லை. முடிவில் கணக்குப் பார்த்தபோது, நிதிக்கென்று மிஞ்சிய தொகை கோப்பையின் விலையில் பாதிகூட இல்லை. அந்தக் கணக்கைச் சரி என்று ஏற்றுக் கையெழுத்திட்டவர் வேறு யாருமல்லர், நாமே.

அதே காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்க்கு வாயில் ஆறாத புண் கண்டது. பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். புற்றுநோய் என்றார்கள். சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. அரசின் காப்பீடு இருந்தது. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதன்று. வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் போக வேண்டும். இடையில் விட்டால் பயன் குறைந்துபோகும். இங்கிருந்து பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு ரயில், பிறகு மறுபடியும் பஸ். துணைக்குப் போகும் மகனுக்கு அன்றைய தொழில் போயிற்று. மூன்றாவது வாரத்தோடு அந்தத் தாய் நின்றுவிட்டார். வழிச்செலவுக்கு இல்லை என்று கேட்க வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லவில்லை. நாம் அறிந்து ஓடியபோது காலம் கடந்துவிட்டது.

அந்தக் கோப்பை இன்னும் பங்கு இல்லத்து அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே, போட்டி நடத்தி நோயாளருக்கு உண்மையாக உதவியவர்களிடம் நாம் பாடம் கற்றாக வேண்டும். அதற்கு ஒரு தூரதேசத்துக் கதையைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் டானி தாமஸ் என்றொரு நகைச்சுவை நடிகர் இருந்தார். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. வாழ வழியின்றித் தவித்த நாளில், டெட்ராய்ட் நகரக் கோவிலில் தம்மிடமிருந்த கடைசி 7 டாலரையும் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டார். மனைவியின் பிரசவத்துக்கு மருத்துவமனைச் செலவு வரவிருந்தது. கலங்கி மன்றாடினார். மறுநாளே அதைப்போல் பத்து மடங்கு கூலிக்கு ஒரு வேலை கிடைத்தது. கைவிடப்பட்டோரின் பாதுகாவலரான புனித யூதா ததேயுவுக்கு ஓர் ஆலயம் எழுப்புவதாகப் பின்னர் நேர்ந்துகொண்டார். பேரும் பணமும் வந்தபின் அதை மறக்கவில்லை. தம் ஞான ஆலோசகரான கர்தினால் ஸ்டிரிச் கூறியபடி மெம்பிஸ் நகரைத் தெரிந்துகொண்டு, 1962 பிப்ரவரி 4-ல் புனித யூதா குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையைத் திறந்தார்.

அந்த நகரில் 1958 முதல் கோல்ப் பந்தயம் ஒன்று நடந்துவந்தது. நம்மில் பலர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டோம். நம் கொடைக்கானலில் 1895-லேயே அதற்குக் கழகம் தொடங்கிவிட்டார்கள். பரந்த புல்வெளியில் 18 குழிகள். சிறு பந்தை மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியிலும் மிகக் குறைந்த அடிகளில் விழச்செய்ய வேண்டும். 1970-ல் டானி தாமஸ் தம் பெயரை அந்தப் பந்தயத்துக்குத் தந்தார். வருவாய் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகத் தொடங்கியது. 1977-ல் முன்னாள் ஜனாதிபதி ஜெரால்டு போர்டு அங்கே ஆட வந்து, ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டார். கூட்டம் ஆரவாரித்தது. ஆரவாரம் அன்றோடு போயிற்று; மருத்துவமனை நிற்கிறது. டானி தாமஸ் 1991-ல் இறந்து, அந்த வளாகத்திலேயே அடக்கம் பெற்றார். பந்தயம் இன்றும் புனித யூதாவின் பெயரைத் தாங்கியே நடக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த மருத்துவமனை சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பதில்லை. அத்தோடு நில்லாமல், குழந்தையும் பெற்றோரும் வந்துபோகும் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. 1962-ல் அந்நாட்டில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு இருபது பேரே பிழைத்தனர். இன்று எண்பதுக்கு மேல். மருந்தும் ஆராய்ச்சியும் பெரிய காரணம்தான். ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்குப் பிள்ளை வந்து சேர வேண்டுமே!

நல்ல சமாரியனும் இதைத்தானே செய்தான்? காயத்தைக் கட்டியதோடு விட்டுவிடவில்லை. தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சென்றான், சத்திரத்துச் செலவையும் கொடுத்தான்.

நம் நாட்டிலும் இந்த வழி புதிதன்று. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். நம் ஊர் நோயாளர் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறார்கள்!

சரி, நாம் என்ன செய்யலாம்? நமக்குப் புல்வெளி இல்லை, மணல்வெளி இருக்கிறது. கைப்பந்தே போதும். ஆனால் தர்மத்துக்காக கோல்ப் ஆட்டம் நடத்துவோரின் முறைகள் சிலவற்றைக் கைக்கொள்வோம்.

முதலாவது, அவர்கள் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடையாளரைப் பிடித்து, அவர் பெயரை அங்கே பலகையில் எழுதி வைப்பார்கள். நாமும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவரைத் தேடுவோம். ஐஸ் கடை, வலைக் கடை, படகு என்ஜின் கடை, நண்டு வியாபாரி என்று கேட்டால் தராமலா போவார்கள்? பந்தலும் ஒலிபெருக்கியும் அவ்வாறே நன்கொடையாக வரட்டும்.

இரண்டாவது, அந்த ஆட்டத்தில் பலவீனருக்குச் சலுகை உண்டு. 18 அடி சலுகை பெற்றவர் 90 அடி அடித்தால் 72 என்றே கணக்கிடுவர். அதனால் கிழவரும் வீரரும் சமமாக ஆடலாம். நாமும் பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் தனி அணி வைப்போம். ஊரே ஆடினால்தான் ஊரே கொடுக்கும்.

மூன்றாவது, புதுக் கோப்பை வேண்டாம். அலமாரியில் இருப்பதே சுழற்கோப்பையாகட்டும். நுழைவுக் கட்டணமும் நன்கொடைப் பணமும் நேரே நிதிக்குப் போகட்டும்; அதிலிருந்து ஒரு காசும் செலவுக்கு எடுக்கலாகாது. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வரவு செலவை எல்லார் முன்னிலும் வாசிப்போம். நாம் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. மீனவர் சங்கத்திலிருந்து ஒருவரும் தாய்மாரில் ஒருவரும் உடன் கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, இந்நிதி வழிச்செலவுக்கும் தங்கும் செலவுக்கும் மட்டுமே. யாரும் வந்து கேட்கும்படி வைக்கலாகாது. வின்சென்ட் தெ பவுல் சபையினர் வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டும். எந்த மதத்தவர் வீடு என்று பார்க்கவும் வேண்டாம்.

நம் முன்னோர் இந்த ஏரியில் பாடு முறை வகுத்தார்கள். நல்ல மீன்பிடி இடம் வலுத்தவனுக்கு என்று விடாமல், சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று உனக்கு, நாளை அவனுக்கு என்று பகிர்ந்தார்கள். நோயும் அப்படித்தான், இன்று ஒரு வீட்டுக்கு, நாளை இன்னொரு வீட்டுக்கு. முறை வந்தவனைத் தனியே விடாதிருப்பதே பாடு முறையின் தர்மம். நம் ஆண்டவருடைய துன்பங்களையும் பாடுகள் என்றே தமிழில் சொல்கிறோம். பிறர் பாட்டில் பங்கெடுப்பவன் அவருடைய பாடுகளில் பங்கெடுக்கிறான்.

இளைஞர்களே, பந்தை ஓங்கி அடியுங்கள். வெற்றி எந்தக் குப்பத்துக்குப் போனாலும் மகிழ்வோம். ஆனால் அடுத்த முறை நம் ஊர்த் தாய் ஒருத்தி மூன்றாவது வாரத்தில் நின்றுவிடாமல் கடைசி நாள் வரை போய், குணமாகித் திரும்பினால், அதுவே இந்த யூபிலியின் கோப்பை. அந்த வரத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.