மதிப்பெண் இல்லாத கல்வி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

‘வாழ்நாள் முழுதும் கல்வி’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். பேராசிரியர்கள் பேசத்தக்க பொருள் இது. நானோ மெட்ரிக்குலேஷன் தேறிய கையோடு ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்குக் கணக்கு எழுதி வருபவன். ஆயினும், கல்லூரி வாயிலை மிதியாதவர்க்கே இப்பொருளில் அக்கறை மிகுதி என்பதனால், அவையினரின் பொறுமையை நம்பி நிற்கின்றேன்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பை நீங்கள் அறிவீர்கள். பள்ளி திறந்த புதிதில் பாய் கொள்ளாமல் பிள்ளைகள் அமர்ந்திருப்பர். தேர்வுக் காலம் நெருங்க நெருங்கப் பாய் காலியாகும். ஒன்பதாம் வகுப்பை எட்டிய பிள்ளைகளோ அப்பக்கமே வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், “மாமா, இதற்கு மார்க் உண்டா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். தாய்மொழிக்கு மதிப்பெண் எதற்கு என்று நாம் சினக்கலாம். ஆனால் அப்பிள்ளையை இவ்வாறு எண்ணப் பழக்கியவர் யார்? பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றிய தந்தையை அப்பிள்ளை கண்டிருக்கிறது. திருமணத்தோடு படிப்பும் முடிந்ததென்று ஒதுங்கிய தாயைக் கண்டிருக்கிறது. படிப்பு என்பது சம்பளத்திற்குச் செலுத்தும் கட்டணம் என்றே அது கொண்டுவிட்டது. இதைத் திருத்தச் சொற்பொழிவு போதாது. மதிப்பெண் கருதாது கற்கும் பெரியவரைப் பிள்ளைகள் கண்ணாரக் காணவேண்டும். அத்தகைய மூவரை இன்று நினைவூட்ட விரும்புகிறேன்.

முதலாமவர் நாம் வாழும் இந்த மேதினிப்பூர் மண்ணின் மைந்தர். ஈசுவர சந்திர வித்தியாசாகர் 1820இல் வீர்சிங்கம் என்னும் சிற்றூரில் ஏழை வீட்டில் பிறந்தார். எட்டு வயதில் தந்தையோடு கல்கத்தாவிற்கு நடந்து சென்றபோது, சாலையோர மைல் கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றார். மகன் உண்மையில் கற்றானா என்று சோதிக்க, ஆறாம் கல்லை அவன் பாராதபடி தந்தையார் கடத்திவிட்டு, ஐந்தாம் கல்லைக் காட்டினாராம். “ஆறு என்று இருக்கவேண்டும், தவறுதலாக ஐந்து என்று செதுக்கியிருக்கிறார்கள்” என்றாராம் சிறுவர். இதனை அவரே தம் வரலாற்றில் குறித்துள்ளார். இவையெல்லாம் நாம் கேட்டறிந்தவையே. நான் சொல்ல வந்தது பின்னர் நடந்தது. வடமொழியில் கரை கண்டு, 1841இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதராக அமர்ந்த பிறகே அவர் ஆங்கிலத்தையும் இந்தியையும் முறையாகப் பயின்றார். முப்பத்தைந்தாம் வயதில், 1855இல், குழந்தைகளுக்காக ‘வர்ண பரிசயம்’ என்னும் அரிச்சுவடியை இயற்றினார். ஐம்பதைக் கடந்தபின், இன்று ஜார்க்கண்டில் உள்ள கர்மாடாரில் குடியேறினார். தாம் கற்றிருந்த ஹோமியோபதி முறையைக் கொண்டு அங்குள்ள சந்தால் ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருந்தளித்தார்; முதியோர்க்கு இரவுப் பள்ளியும் நடத்தினார். அவ்வூர் ரயில் நிலையம் இன்று ‘வித்தியாசாகர்’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது. வடமொழி இலக்கணம் அறிந்தவர் மருந்துப் பெட்டியைத் திறக்கவேண்டும் என்று எந்தத் தேர்வும் கேட்கவில்லை; பக்கத்து வீட்டானின் துன்பம் கேட்டது.

இரண்டாமவர் நம்மவர், மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். வேலை கிடைத்தது, கல்வி முற்றிற்று என்று இருந்திருக்கலாம். அவ்வாண்டே அவ்வூர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயர் வரிசையாக அடுக்கினார். முதலியாரோ அவற்றால் வியப்படையாமல், சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் பற்றி வினவினார். இருபத்தைந்து வயது ஆசிரியர், தாம் அறியாத தமிழ் ஒன்று உண்டு என்று அன்று உணர்ந்தார். சீவக சிந்தாமணி சமண காவியம். சைவச் சூழலில் கற்றவர்க்கு அதன் சமயக் கருத்துகள் விளங்கவில்லை. ஆகவே, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சமயத்தைக் கேட்டறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர், 1898இல் வெளிவந்த மணிமேகலைக்காகப் பௌத்தக் கருத்துகளையும் தேடிக் கற்றார். தம் சமயத்தை விடாமலே பிறர் சமயத்தின் மாணவரானார். அந்தப் பணிவு இல்லாதிருப்பின் நம் நூலகத்து அலமாரியில் இன்று பாதி நூல்கள் இரா.

மூன்றாமவர் நம் தொழிலைச் சேர்ந்தவர். பெயர் தாமஸ் எட்மண்ட்சன். இங்கிலாந்தில் 1792இல் பிறந்து, மேசை நாற்காலி செய்யும் தச்சுத் தொழில் பயின்றவர். சொந்த வணிகம் நொடித்துப் போயிற்று. 1836இல், நாற்பத்து நான்கு வயதில், ஒரு சிறு ரயில் நிலையத்தில் அலுவலராகச் சேர்ந்தார். அக்காலத்தில் பயணச்சீட்டைக் காகிதத்தில் கையால் எழுதித் தருவார்கள். நேரமும் வீண், பணக் கணக்கையும் சரிபார்க்க இயலாது. மரவேலை அறிந்த அக்கைகள் சும்மா இருக்கவில்லை. சிறு அட்டைகளில் வரிசை எண் அச்சிட்டு, தேதி பதிக்கும் பொறியையும் அமைத்தார். எத்தனை சீட்டு விற்றது என்பதை அடுத்து விற்க நிற்கும் அட்டையின் எண்ணே காட்டிவிடும். அந்த அட்டைச் சீட்டு உலகெங்கும் பரவியது. கணினிச் சீட்டு வரும்வரை நம் நாட்டு நிலையங்களிலும் நெடுங்காலம் வழங்கியது. உளி பிடிக்கக் கற்றபோது அது ரயிலுக்கு உதவும் என்று அவர் எண்ணியிருக்க முடியாது. அவர் இளமையில் பயணிகள் ரயில் பரவியிருக்கவில்லை.

இம்மூவரிடமிருந்து நான் கொள்ளும் பாடம் ஒன்றே. கற்பது எத்துறையில் எப்போது பயன்படும் என்று முன்கூட்டிக் கணக்கிட இயலாது. கணக்கிட்டுக் கற்பவன் தேர்வோடு நின்றுவிடுகிறான். ஆவலால் கற்பவன் வளர்ந்துகொண்டே போகிறான். தந்தி அடிப்பது ஒரு காலத்தில் நம் தொழிலில் பெருந்திறமை. நம் நாட்டில் பொதுமக்களுக்கான தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. தொழில் போகும், கற்கும் பழக்கம் போகாது.

“எங்கே நேரம்? யார் கற்பிப்பார்?” என்று நீங்கள் கேட்கலாம். நாள்தோறும் நம் கண்முன் நிற்கும் ஓர் ஆசிரியரைக் காட்டுகிறேன். நம்மில் பலர் இக்கரக்பூரில் பத்தாண்டு, இருபதாண்டு வாழ்ந்தும் வங்க எழுத்தை அறியோம். ஹௌரா செல்லும் லோக்கல் வண்டியில் சன்னலோரம் அமருங்கள். ஒவ்வொரு நிலையப் பலகையிலும் ஒரே பெயர் வங்கம், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்தில் இருக்கும். கோலாகாட் வரும்போது முதலெழுத்தைப் பாருங்கள். நம் ‘கோ’வைப் போலவே முன்னே ஒரு கொம்பும் பின்னே துணைக்காலும் நடுவே ககரமும் நிற்கும். அடுத்த எழுத்து ‘லா’. அங்கும் அதே கால். பின்னர் பாக்னான். அதில் நகரம் இருமுறை வரும். ஒருமுறை காலுடன், கடைசியில் தனியாக. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் புள்ளியின்றியே விடுகிறார்கள் என்பதும் விளங்கும். உலுபேரியா வரும்போது, கோலாகாட்டில் கண்ட லகரமும் பாக்னானில் கண்ட பகரமும் பழைய நண்பர்போல் எதிர்ப்படும். நான் வங்க எழுத்துகளைக் கற்றது இவ்வாறே. வித்தியாசாகருக்கு மைல் கல். நமக்கு நிலையப் பலகை.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. கணவர் பணிக்குச் சென்றிருக்க, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பேருந்தின் பலகையைப் படிக்க இயலாமல் நிற்கும் தாய்மார்கள் நம் காலனியில் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் பொழுதை என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் உண்ட ஊரின் எழுத்தை அறியாதவர், தம் பிள்ளை தமிழெழுத்தை அறியவில்லை என்று வருந்துவது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். ஞாயிறு காலை, பிள்ளைகள் தமிழ் கற்கும் அதே கூடத்தில், அதே ஒரு மணி நேரம், பெரியவர்கள் வங்க எழுத்துக் கற்போம். வித்தியாசாகரின் அரிச்சுவடியே நமக்குப் பாடநூலாகட்டும். வங்க நண்பர் ஒருவரை அழைத்துக் கேட்டால் மறுக்கமாட்டார். எழுத்துக் கைவந்தபின், ஒவ்வொருவரும் தாம் அறிந்ததைப் பிறர்க்குக் கற்பிப்போம். பணிமனைத் தோழர் மின்விசிறி பழுதுபார்க்கச் சொல்லித் தரலாம். வீணை பயின்ற சகோதரியார் சுரவரிசை சொல்லலாம். செடி வளர்ப்பவர் மண்ணின் தன்மையைக் கூறலாம். கணக்கு எழுதும் என் போன்றோர் வட்டிக் கணக்கும் வங்கிப் படிவமும் விளக்கலாம். இதில் தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை.

தாய்மார்களே, தந்தைமார்களே! மகன் தமிழில் ‘கோ’ எழுதும்போது, பக்கத்துப் பாயில் தகப்பனார் வங்கத்தில் ‘கோ’ எழுதித் தடுமாறட்டும். மகன் அதைப் பார்த்துச் சிரிக்கட்டும். எட்டிப் பார்த்து உதவியும் செய்யட்டும். அதன்பின் அவன் “மார்க் உண்டா?” என்று கேட்கமாட்டான் என்பது என் துணிபு. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டும் பென்சிலுமாக நான் அங்கு இருப்பேன். நீங்களும் வருக.