ஏற்றப் பாட்டும் ஒரே உலையும்



கிறிஸ்தவ வழிபாட்டையும் அன்றாட உழைப்பையும் சேர்த்துப் பேசும் இந்தக் கருத்தரங்குக்குத் திருவண்ணாமலை பொருத்தமான ஊர். கார்த்திகையில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபத்தை ஏற்றும் உரிமை, மீன்பிடி மரபினரான பர்வத ராஜகுலத்தாருக்கு உரியது. கொப்பரையைத் தோளில் சுமந்து மலையேறுகிறவர்கள், திரிக்குக் காடாத் துணியும் நெய்யும் தருகிறவர்கள், தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்று இந்த ஊர்த் திருவிழாவில் உழைக்கும் கைகளுக்கு இடம் இருக்கிறது. பிறப்பை வைத்துத் தொழிலைப் பங்கிடுவதை நற்செய்தி ஏற்காது. அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனாலும் செய்கிற தொழிலோடு சாமி முன் நிற்கலாம் என்பது நம் அண்டை வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஞாயிறு ஆராதனைக்கோ கொத்தனாரும் செவிலியரும் நெசவாளியும் வருகிறார்கள். அவர்கள் ஆறு நாளும் பார்த்த வேலையைப் பற்றி ஜெபத்தில் ஒரு சொல் வருவதில்லை.

விசுவாசத்தை வேலைக்கு எடுத்துச் செல்லுங்கள் என்றுதான் வழக்கமாகப் பிரசங்கம் செய்கிறோம். லஞ்சம் வாங்காதே, நேரத்துக்குப் போ, மேசையில் வேதாகமம் வை. தவறில்லை. நான் கேட்பது எதிர்த்திசைப் பயணத்தை: வேலை ஆராதனைக்குள் வரவேண்டும். 2020இல் மேத்யூ கேமிங்கும் கோரி வில்சனும் உழைப்பையும் வழிபாட்டையும் மீண்டும் இணைப்பது பற்றி எழுதிய நூல் இறையியல் கல்லூரிகளில் பேசப்படுகிறது. நாம் அங்கிருந்து தொடங்கத் தேவையில்லை. தஞ்சாவூரிலிருந்தே தொடங்கலாம்.

வேதநாயக சாஸ்திரியார் 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் படித்தவர். குறவஞ்சியையும் நொண்டி நாடகத்தையும் கும்மியையும் கிறிஸ்தவத் தமிழுக்குக் கொண்டுவந்த அவர், ஏற்றப் பாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஏற்றம் இறைப்பவன் பொழுதுபோக்குக்காகப் பாடுவதில்லை. ஏற்றமரத்தில் மிதிப்பவன் முன்னும் பின்னும் நடக்க, கீழே சால் பிடிப்பவன் நீரைக் கவிழ்க்க, இத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கைப் பாட்டுத்தான் வைத்திருக்கும். இருவர் மூச்சும் ஒன்றுபடுவதும் அந்தப் பாட்டால்தான். அந்த மெட்டுக்குள் மீட்பின் செய்தியை வைத்தவரை நான் மிகப் பெரிய வழிபாட்டு இறையியலாளராகவே மதிக்கிறேன்.

ஆனால் அவருடைய கதை அதோடு முடியவில்லை. 1820களின் இறுதியில், சபைக்குள் சாதிப் பிரிவு கூடாது, எல்லாரும் கலந்து உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெறவேண்டும் என்று புதிய மிஷனரிகள் சொன்னபோது, அதே சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். ஏற்றக்காரனின் பாட்டு ஆலயத்துக்குள் வந்துவிட்டது. ஏற்றம் இறைத்தவனோ சமமாக உட்கார முடியவில்லை. இந்தக் கருத்தரங்கின் மையக் கேள்வியாக நான் கருதுவது இதைத்தான். அறுவடைப் பண்டிகையில் பூசணியையும் கரும்பையும் பீடத்தின் முன் அடுக்குவதால் மட்டும் உழைப்பு வழிபாட்டோடு சேர்ந்துவிடாது. விளைவித்தவர் எந்த வரிசையில் உட்காருகிறார் என்பதையும் பார்க்கவேண்டும்.

அந்தக் கேள்விக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, மதுரை அரசரடியில் விடை தேடினார் ஒருவர். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, நாம் அன்போடு பரட்டை அண்ணன் என்று அழைத்தவர், 2005இல் மறைந்தார். அவர் பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். தீண்டத்தகாதது என்று ஒதுக்கிய கருவி அது. அதை அடிப்பதே தொழிலாகச் சுமத்தப்பட்டவர்களின் கருவி. கூலிக்காரர் பேசும் தமிழில் கிராமிய மெட்டில் அவர் ஆராதனை முறைமையை அமைத்தார். எல்லாருக்கும் ஒரே உலையில் பொங்கவேண்டும் என்ற அவருடைய கருத்தில் நற்கருணையும் நில உரிமையும் வேறு வேறாக இல்லை. சாஸ்திரியார் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போனவர் அவர்.

இந்த வட்டாரத்துக்கும் தன் பங்கு உண்டு. திருப்பத்தூரில் 1921இல் டாக்டர் சேசுதாசனும் டாக்டர் பாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில் மருத்துவமும் ஜெபமும் ஒரே வளாகத்தில் நடந்தன. ஸ்காட்லாந்து நூலாலைக் குடும்பத்தில் பிறந்த பேட்டன் கதர் உடுத்தினார். திருவண்ணாமலையில் ஊன்றிய டேனிஷ் மிஷனோ லுத்தரன் மரபு. செருப்புத் தைப்பவரின் வேலையும் குருவின் வேலையும் கடவுள் முன் ஒரே மதிப்புள்ளவை என்று போதித்த மரபு அது.

ஆய்வாளர்கள் அதிகம் எழுதாத ஒன்றையும் சொல்லவேண்டும்: கைப்பிடி அரிசி. உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கொட்டுகிறார்கள் நம் தாய்மார். பல கிராமச் சபைகளில் ஊழியர் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது. சமையல் வேலையே காணிக்கையாகும் இந்த வழக்கத்தைப் பற்றி விரிவான கட்டுரைகள் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த மாவட்டத்தில் மணிலாக் கொட்டை பறிக்கிறவர்கள், செங்கல் சூளையில் வேகிறவர்கள், ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர்கள், கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் பேருந்து ஏறுகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் காது கேட்கக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதினார். அந்தக் கூக்குரலுக்கு நம் ஜெப முறைமையில் எந்தப் பக்கத்தில் இடம்? பாவ அறிக்கையில் கூலி பாக்கி வைத்த முதலாளி எதை அறிக்கையிடுவார்? வேலை போனவருக்காகச் சபை எந்தச் சொற்களால் மன்றாடும்? இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக் கட்டுரைகளை வாசிக்குமாறும், முடிந்தால் நாளைய காலை ஆராதனைக்கே ஒரு மன்றாட்டை எழுதித் தருமாறும் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.