கோப்பையை ஒப்படைக்க மறுத்தவர்கள்

(போடிமெட்டில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் போடியிலிருந்து ஜீப்புகளில் ஏறி, இந்த மெட்டைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களிடம் ஆப்பிரிக்கக் கால்பந்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும். அங்கும் தகராறு போனஸ் பற்றியதே.

2016 டிசம்பர் 3 அன்று யாவுண்டே நகரில், சொந்த மண்ணில் ஆடிய கேமரூனை 1-0 என வென்று நைஜீரியப் பெண்கள் அணி ஆப்பிரிக்கக் கோப்பையைக் கைப்பற்றியது. நாடு திரும்பிய வீராங்கனைகளுக்குப் பேசிய போனஸ் வரவில்லை. தலைநகர் அபுஜாவின் விடுதியை விட்டு அவர்கள் நகர மறுத்தனர். பணம் கைக்கு வரும்வரை கோப்பையை ஒப்படைப்பதில்லை என்று அறிவித்தனர். விளையாட்டு அமைச்சர் சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள்: இந்த அணி வெல்லும் என்று யாருக்கும் தெரியாதாம்! அதே கோப்பையை அதற்கு முன் பலமுறை வென்ற அணி அது. டிசம்பர் 14 அன்று, குடியரசுத் தலைவர் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்த நாளில், வீராங்கனைகள் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். அதன் பின்னரே பணம் வந்தது. 2004-லும் இதே அணி கோப்பையை வென்றபின் தென்னாப்பிரிக்க விடுதியில் இதே காரணத்துக்காக அமர்ந்திருந்தது.

2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற ஆண்கள் அணிக்குப் பரிசு 70 லட்சம் டாலர். 2025 ஜூலையில் அதே கண்டத்தின் கோப்பையை வென்ற பெண்கள் அணிக்கு 10 லட்சம். பெண்கள் ஆட்டத்துக்குச் சந்தை இல்லை என்பது வழக்கமான பதில். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில், ஆலைத் தொழிலாளிப் பெண்களின் அணி ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அத்தடை நீடித்தது. சந்தையை அழித்தவர்களே சந்தை இல்லை என்கின்றனர்.

இனி மூணாறு. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்ட நிர்வாகம் 20 சதவீத போனசை 10 ஆகக் குறைத்தபோது, நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி பெற்றுவந்த தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் 20 சதவீதத்தை மீட்டனர். பெம்பிளை ஒருமை என்று அறியப்பட்ட அப்போராட்டம் நிர்வாகத்தை மட்டும் எதிர்க்கவில்லை. கூலி பேசும் மேசையில் காலங்காலமாக அமர்ந்திருந்த ஆண் தலைவர்களையும், எல்லாச் சங்கங்களின் தலைவர்களையும், அது தள்ளி நிற்கச் சொன்னது. இடதுசாரிகளுக்குக் கசப்பான செய்தி இது, மறைத்துப் பயனில்லை. தலைவர் பலரை அருகில் விடாத அதே பெண்கள், வந்து தங்களோடு அமர்ந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தனை ஏற்றுக்கொண்டனர் என்பதும் அதே வரலாற்றின் பகுதியே.

கொழுந்து பறிப்பவர்களும் காய் பறிப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் குழுவில் அவர்களுள் எத்தனை பேர் இடம்பெறுவர் என்பதை இங்கு வந்துள்ள ஒவ்வொரு கிளையும் இக்கூட்டம் கலைவதற்குள் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்.