சொல்லக் கூசிய வலி
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கழிப்பறைக்குப் போனாலே கண்ணாடித் துண்டு அறுக்கிற மாதிரி வலி. ரத்தமும் பட்டது. மூலம்தான்னு நானே நினைச்சு, வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லாம ஆறு மாசம் மறைச்சேன்.

டாக்டரம்மா பார்த்துட்டு, "மூலம் இல்லம்மா, ஆசனவாயில வெடிப்பு" என்றார். எனக்கு ஐ.பி.எஸ். என்கிற குடல் கோளாறு வேற. நாலு நாள் மலச்சிக்கல், ரெண்டு நாள் பேதி. ரெண்டுமே புண்ணை ஆற விடாது. வலிக்குப் பயந்து அடக்குவேன். மலம் இறுகி மறுபடி கிழியும். வேலை செய்யுற இடத்துல கழிப்பறை இல்லைன்னு தண்ணி குடிக்காம இருப்போமே, அதுவும் சேர்ந்துகிச்சு.

தினம் மூணு வேளை, அகலமான பேசின்ல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி 10 நிமிஷம் உட்கார்ந்தேன். தசை இறுக்கம் தளர டாக்டரம்மா களிம்பு கொடுத்தாங்க. கோதுமைத் தவிடு எனக்கு வயிறு ஊதிச்சு. இசப்கோல்தான் ஒத்துக்கிச்சு: இறுகினதை இளக்கும், பேதியானா கெட்டிப்படுத்தும். கொஞ்சமா ஆரம்பிக்கணும், பெரிய டம்ளர் தண்ணியோட குடிக்கணும்.

வலி நின்னதும் நடுவுல விட்டுட்டேன், திரும்ப வந்துடுச்சு. அப்புறம் 8 வாரம் விடாம செஞ்சுதான் ஆறுச்சு.

ரத்தம் பட்டா என்னை மாதிரி நீங்களே பேர் வைக்காதீங்க, காட்டிடுங்க. தனியா கேட்கணும்னா, சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பந்திக்குப் பின்னாடிதான் இருப்பேன்.