கெமுந்திங் இரண்டு



நீலாய் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம்முள் பலர்க்குக் கெமுந்திங் புதிதன்று. இளஞ்சிவப்பாய்ப் பூத்துக் கருநீலமாய்ப் பழுக்கும் புதர்ச்செடி அது. தின்றவர் நாவே சாட்சி சொல்லிவிடும். நீலகிரி மலையில் இதனையே தவிட்டுப்பழம் என்பர்.

இக்கனியின் கருநீலத்துக்குக் காரணம் அந்தோசயனின் என்னும் நிறப்பொருள். பைசியட்டன்னால் என்னும் சேர்மமும் இதில் உண்டு. பழக்கூழைச் சிறிது அமிலம் கலந்த எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அழுத்தம் குறைத்து, மிதமான சூட்டில் எத்தனாலை ஆவியாக்கினால் சாறு எஞ்சும். கொதிக்க வைத்தால் நிறப்பொருள் சிதைந்துவிடும். அது புளிப்பில் சிவப்பதையும் காரத்தில் நீலம் பாரிப்பதையும் பள்ளி ஆய்வகத்திலேயே காட்டலாம்.

இத்தகைய சேர்மங்கள் ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுத்ததுண்டு. அச்செய்தி நம் வாய்க்கு வரும்போது ‘புற்றுநோயைக் குணப்படுத்தும் பழம்’ என்றாகிவிடுகிறது. ‘தடுத்தது’ என்னும் இறந்தகால வினை ‘குணப்படுத்தும்’ என மாறியது எங்ஙனம்? தட்டிலுள்ள உயிரணுவுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. நாம் உண்ணும் அந்தோசயனினிலோ மிகச் சிறு பகுதியே மாறாமல் குருதியைச் சேர்கிறது.

மலாய்மொழியில் ‘கெமுந்திங் சீனா’ என்றொரு செடியும் உண்டு. அது நம் வீட்டு வாசல் நித்தியகல்யாணியே. பெயரில் ஒற்றுமையன்றி இரண்டுக்கும் உறவில்லை. 1952இல் அதன் இலைகள் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு வந்தன. நீரிழிவுக்கு உதவுமா என்பதே கேள்வி. எலிகளின் குருதியில் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. தோல்வி என்று ஒதுக்காமல் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதனைத் தொடர்ந்தனர். 1958இல் வின்பிளாஸ்டின் வெளிப்பட்டது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படுகிறது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு குவளைக் கஷாயத்தில் எவ்வளவு மருந்து இருக்கும்? அளவிடாமல் எவரும் சொல்ல இயலாது. அச்செடி நஞ்சுடையது என்பது மட்டும் உறுதி. அக்கஷாயத்தை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போட்டவர்களை நாம் அறிவோம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கட்டுரையில் ‘குணப்படுத்தும்’ என்னும் சொல்லைக் கண்டால், ‘யாரை, எந்த அளவில், எத்தனை நாளில்?’ என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். கெமுந்திங் பழத்தைத் தின்னத் தடையில்லை.