நெஞ்சைத் திறக்காமல் ஒரு கிளிப்

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மைட்ரல் வால்வு. அதற்கு இரண்டே இதழ்கள். அவை சரியாக மூடாவிட்டால், உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு பின்னோக்கிப் பாயும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும், கால் வீங்கும்.

1991-இல் இத்தாலிய அறுவை நிபுணர் ஒட்டாவியோ ஆல்ஃபியேரி இதற்கு எளிய வழி கண்டார். இரு இதழ்களின் ஓரங்களையும் கசியும் இடத்தில் சேர்த்துத் தைத்தார். ஒரு வாசல் இரண்டு வாசலானது, கசிவு குறைந்தது. ஆனால் அதற்கு நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்த வேண்டியிருந்தது.

அந்தத் தையலின் வேலையைச் செய்வதுதான் மைட்ராகிளிப். தொடையிடுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை ஏற்றி, மேலறைகளுக்கு இடையிலான சுவரில் சிறு துளையிட்டு இடப்பக்கம் நுழைகிறார்கள். உணவுக்குழாயில் இறக்கிய எக்கோ கருவியும் எக்ஸ்ரேயும் வழிகாட்டும். இதயம் துடித்துக்கொண்டே இருக்க, துணி மாட்டும் கிளிப் போல மைட்ராகிளிப் இதழ்களைக் கவ்வும். பிடி சரியில்லையா? விடுவித்து மறுபடி கவ்வலாம்.

மனிதருக்கு முதலில் பொருத்தப்பட்டது 2003-இல், வெனிசுவேலாவின் கராகஸ் நகரில். அமெரிக்கா அனுமதித்தது 2013-இல்.

2018-இல் இதயம் பலவீனமான நோயாளிகளிடம் நடந்த இரு ஆய்வுகள் வெளிவந்தன. பிரான்ஸின் மைட்ரா-எஃப்ஆர் ஆய்வில் பலன் தெரியவில்லை. 614 பேர் பங்கேற்ற கோஆப்ட் ஆய்விலோ, இரண்டு ஆண்டுகளில் மருந்து மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் இறந்திருந்தனர். கிளிப்பும் சேர்த்துப் பெற்றவர்களில் 29 சதவீதத்தினர்.

கசிவு அதிகமாக இருந்து, இதயம் அளவுமீறி விரியாதவர்களுக்கே பலன் கூடுதல் என்பது நிபுணர் பலரின் விளக்கம். ஆகவே யாருக்குப் பொருத்தலாம் என்பதை இதயநோய் மருத்துவரும் அறுவை நிபுணரும் கலந்துபேசியே முடிவு செய்கிறார்கள்.